5 நானோமீட்டர் துகளுக்கு உருகுநிலை என்று ஒன்று உண்டா?

பிப்ரவரி 3, வந்த கேள்வி

"வெள்ளீய நானோ துகள்கள், சராசரி விட்டம் 12 நானோமீட்டர். டி.எஸ்.சி.யில் (மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி) நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடாக்கினேன். 232 டிகிரி செல்சியஸில் வரவேண்டிய கூர்மையான முகடு வரவே இல்லை. 180 பக்கத்திலேயே கோடு வளையத் தொடங்கி, 215 வரை தொப்பை போட்ட மாதிரி போகிறது. குளிர்விக்கும்போது 120 வரைக்கும் எதுவுமே நடக்கவில்லை. இதில் உருகுநிலை என்று எந்த எண்ணை எழுதுவது? நானோ அளவில் வெப்ப இயக்கவியலே செல்லாது, அதனால் எதை எழுதினாலும் ஒன்றுதான் என்கிறார் கூட வேலை செய்பவர். அப்படியா?"

பிப்ரவரி 3, இரவு

கூட வேலை செய்பவர் சொல்வது தவறு. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது.

பாடத்தில் கட்டிலா ஆற்றலை (கிப்ஸ் ஆற்றல்; எந்த நிலைக்கு அது குறைவோ அதுவே நிலைக்கும்) பொருண்மை சார் பண்பு என்று படித்திருப்போம். பொருளைப் பாதியாக வெட்டினால் கிப்ஸ் ஆற்றலும் பாதியாகும். அந்த வாக்கியத்தில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது: வெட்டும்போது இரண்டு புதிய பரப்புகள் பிறக்கின்றன, அவற்றின் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கையில் எடுத்துப் பார்க்கிற அளவில் இருக்கும் உலோகத்துண்டில் பரப்பில் இருக்கும் அணுக்கள் ஒரு கோடியில் ஒன்றோ இரண்டோதான். எழுதாவிட்டால் குடி முழுகாது. 55 அணு மட்டுமே சேர்ந்த இருபதுமுகக் கொத்தில் 42 அணுக்கள் பரப்பில் இருக்கின்றன. 147 அணுவில் 92. அங்கே பரப்பை விட்டுவிட்டால் முதலுக்கே மோசம்.

ஆக, செல்லாமல் போவது வெப்ப இயக்கவியல் இல்லை; "பாதியாக வெட்டினால் பாதி" என்கிற வசதிதான். மொத்த ஆற்றலில் அணு எண்ணிக்கையைப் பொறுத்த பங்கு ஒன்று, பரப்பைப் பொறுத்த பங்கு ஒன்று என்று இரண்டு வரி எழுதினால் பெரும்பாலான விஷயம் ஓடிவிடும். திட உலோகத்தின் பரப்பு, அதே உலோகத்தின் திரவப் பரப்பைவிடப் பொதுவாக அதிகச் செலவு பிடிப்பது. வெப்பநிலைக்கு எதிராகக் கட்டிலா ஆற்றலைத் திடத்துக்கு ஒரு கோடு, திரவத்துக்கு ஒரு கோடு என்று வரைந்தால், அவை வெட்டும் இடம்தான் உருகுநிலை. துகள் சிறுக்கச் சிறுக்கத் திடத்தின் கோடு திரவத்தின் கோட்டைவிட வேகமாக மேலே ஏறுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் தாழ்ந்த வெப்பநிலைக்கு நகர்கிறது. இதைப் பாவ்லோவ் என்பவர் 1909இலேயே எழுதிவிட்டார். (நாயும் மணியும் வைத்துச் சோதனை செய்த பாவ்லோவ் இல்லை, வேறு ஆள்.) 1954இல் தகாகி, ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மென்படலங்களில் எலக்ட்ரான் விளிம்புவிளைவு மூலம் அது நடப்பதைப் பார்த்தார். 1976இல் பூஃபாவும் பொரேலும் தங்கத் துகள்களை அளந்தார்கள்.

பிப்ரவரி 4, காலை

எண் இல்லாமல் பேசினால் நம்பமாட்டீர்கள் என்று தங்கத்துக்கு ஒரு கணக்கு போட்டேன். திடப் பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு 1.38 ஜூல், திரவத்துக்கு 1.14, உருகும் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 63.7 கிலோஜூல், அடர்த்தி கன மீட்டருக்கு 18,400 கிலோ. பாவ்லோவ் சமன்பாட்டில் போட்டால் 5 நானோமீட்டர் துகளுக்கு உருகுநிலை சுமார் 90 டிகிரி இறங்குகிறது. 1064இலிருந்து 975 அளவுக்கு.

பிப்ரவரி 4, மதியம்

தவறு. 5 நானோமீட்டர் விட்டம். நான் ஆரமாகப் போட்டுவிட்டேன். ஆரம் 2.5, ஆகவே இறக்கம் சுமார் 180 டிகிரி. உருகுநிலை 885 பக்கம்.

இந்தத் தவறு எனக்குப் புதிதில்லை. பல வருடம் முன்பு ஒரு வரைபடத்தில் என்னுடைய புள்ளிகளையும் வேறொருவரின் புள்ளிகளையும் சேர்த்துப் போட்டு, "நம் துகள்கள் விசேஷமானவை, கோட்பாட்டைவிடப் பாதிதான் இறங்குகின்றன" என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் அச்சில் விட்டம், என் அச்சில் ஆரம். இலக்கியத்தில் எண்களை எடுப்பவர்கள் முதலில் அச்சைப் பாருங்கள், அப்புறம் கோட்பாட்டைச் சந்தேகப்படலாம்.

பிப்ரவரி 4, மாலை

"885 என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவ்வளவு உறுதி இல்லை. கணக்கு ஓடுவது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தில். அடர்த்தித் திருத்தம் சேர்த்தால் 1.38இலிருந்து ஏறத்தாழ 1.19ஐக் கழிக்கிறோம்; மிஞ்சுவது 0.19. திடப் பரப்பு ஆற்றலில் வெறும் 5 சதவீதம் பிழை இருந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும். திடப் பரப்பு ஆற்றலை 5 சதவீதத்துக்குள் அளப்பது என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

இன்னொன்று, படிகத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் பரப்பு ஆற்றல் வேறு. "தங்கத்தின் பரப்பு ஆற்றல்" என்று ஒற்றை எண் போடும்போதே துகளை உருண்டையாக்கி, முகங்களை அழித்துவிட்டோம்.

பிப்ரவரி 5

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்று வந்தது: "சின்னத் துகளுக்குள் லாப்லாஸ் அழுத்தம் (வளைந்த பரப்பு உள்ளே பிழியும் அழுத்தம்) ஆயிரக்கணக்கான வளிமண்டலம். அழுத்தம் கூடினால் தங்கத்தின் உருகுநிலை ஏறத்தானே வேண்டும்? ஏன் இறங்குகிறது?"

அழுத்தம் நிஜம்தான். பரப்பு ஆற்றல் 1 ஜூல், ஆரம் 5 நானோமீட்டர் என்றால் உள்ளே 400 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 4000 வளிமண்டலம். ஆனால் அழுத்தம் ஏறினால் உருகுநிலை ஏறும் என்கிற கிளாப்பெய்ரான் விதி, திடமும் திரவமும் ஒரே அழுத்தத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இங்கே திடத் துகளைப் பிழிவது திடத்தின் பரப்பு. திரவத் துளியைப் பிழிவது திரவத்தின் பரப்பு. இரண்டும் ஒரே பிடி இல்லை. திடத்துக்கு விழும் பிடி இறுக்கமானது, அதனால் அதன் கெமிக்கல் பொட்டென்ஷியல் (ஓர் அணுவுக்கான கட்டிலா ஆற்றல்) அதிகம் ஏறுகிறது. அவ்வளவுதான்.

இதை நான் மாணவனாக இருந்தபோது ஒரு வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். "சார், சின்னதாக இருப்பதால்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7

இதுவரை எழுதியதெல்லாம் கோடு எங்கே நகர்கிறது என்பது பற்றி. கேட்டவரின் தொப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோடே தடிக்கிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

ஒரு துகளில் அணுக்கள் மொத்தம் N. திடமா திரவமா என்பதற்கான வாய்ப்பு விகிதம், மொத்தக் கட்டிலா ஆற்றல் வித்தியாசத்தை வெப்ப ஆற்றலால் வகுத்து அடுக்கேற்றினால் வரும். வித்தியாசம் N மடங்காக வளர்வதால், பெரிய பொருளில் உருகுநிலையிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் ஒரு பக்கத்தின் வாய்ப்பு பூஜ்யமாகிவிடும். பாடப்புத்தகத்தின் கூர்மையான உருகுநிலை பிறப்பது அங்கேதான். அது இயற்கையின் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பெரிய எண்ணின் கண்டிப்பு.

சோடியத்தை எடுங்கள். உள்ளுறை வெப்பம் மோலுக்கு 2.6 கிலோஜூல், உருகுநிலை 371 கெல்வின். இந்தத் திணிவு எண்களையே (திணிவு என்றால் இங்கே பெரிய கட்டி) தற்காலிகமாக வைத்துக்கொண்டு 55 அணுக்களுக்குக் கணக்கிட்டால், பத்தில் ஒன்பது பங்கு நேரம் திடமாக இருப்பதிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு நேரம் திரவமாக இருப்பதற்குப் போக ஏறத்தாழ 35 கெல்வின் அகலம் வேண்டும். 147 அணுவுக்கு 13 கெல்வின். 10 அடுக்கு 20 அணுக்களுக்கு எந்தத் தெர்மாமீட்டராலும் தொடமுடியாத ஒரு பின்னம்.

இதைக் கண்ணால் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. லெனார்டு-ஜோன்ஸ் விசையில் (மந்தவாயு அணுக்களுக்கு இடையேயான விசைக்கு ஓர் எளிய மாதிரி) 55 அணுக் கொத்து ஒன்றைக் கணினியில் ஓடவிட்டேன், மாறா வெப்பநிலையில், ஆர்கான் அளவுகோலில் சுமார் 35 கெல்வின் பக்கத்தில். (திணிவு ஆர்கான் 83.8இல் உருகும், கொத்து அதில் பாதிக்கும் கீழே.) இரவு ஓடவிட்டுக் காலையில் வந்து ஆற்றல்-நேர வரைபடத்தைத் திறந்தால் இரண்டு மாடி வீடு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கீழ்மாடி, திடீரென்று மேல்மாடி, அங்கே கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி கீழே. நடுவில் படிக்கட்டில் நின்ற நேரம் கிட்டத்தட்ட இல்லை. நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. கொத்து முழுசாக உருகி, முழுசாக உறைந்து, மறுபடி உருகிக்கொண்டிருந்தது. சராசரி ஆற்றலை வரைந்திருந்தால் வழவழப்பான ஒரு ஏற்றம் கிடைத்திருக்கும். கொத்து ஒருபோதும் இல்லாத ஒரு நிலையின் ஆற்றல் அது.

பிப்ரவரி 8

ஒருவர் மறுக்கிறார்: "அது வெறும் ஏற்றஇறக்கம், நிலைமைச் சமநிலை (திடம், திரவம் போன்ற நிலைமைகளுக்கு இடையேயான சமநிலை) இல்லை. சமநிலை என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும், ஐஸும் நீரும் மாதிரி."

பாதி ஒத்துக்கொள்கிறேன். 55 அணுவுக்குள் பாதி திடம், பாதி திரவம் என்று பிரித்தால் நடுவில் வரும் எல்லைப் பரப்பின் செலவு தாங்காது. அதனால் துகள் இடத்தில் பங்கு போடுவதில்லை, நேரத்தில் பங்கு போடுகிறது. ஸ்டீபன் பெர்ரி என்கிற வேதியியலாளர் இதை வெகுகாலம் ஆராய்ந்தார். ஒரு கொத்துக்கு உறைநிலை எல்லை ஒன்று, உருகுநிலை எல்லை ஒன்று, இடையில் இரண்டும் சேர்ந்திருக்கும் ஒரு பட்டை என்பது அவர் தரும் படம். ஒரே மாதிரியான கொத்துகள் ஒரு கோடி இருந்தால், பட்டைக்குள் எந்த வெப்பநிலையிலும் ஒரு பகுதி திடமாகவும் மறுபகுதி திரவமாகவும் இருக்கும். விகிதம் வேதிச் சமநிலை மாறிலி மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டு ஐசோமர்களுக்கு (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) இடையேயான சமநிலை என்று நினைத்துக்கொண்டால் உறுத்தாது.

கிப்ஸின் நிலைமை விதிப்படி ஒற்றைப் பொருளில், அழுத்தம் நிலையாக இருந்தால், இரண்டு நிலைமைகள் ஒரே ஒரு வெப்பநிலையில்தான் சேர்ந்திருக்க முடியும். விதி உடைந்துவிட்டதா? இல்லை. விதி எண்ணுவது நிலைமைகளை. இங்கே "நிலைமை" என்கிற சொல்லே கரைந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 8, இரவு

மேலே "கரைந்துகொண்டிருக்கிறது" என்று எழுதியது கொஞ்சம் கவிதையாகிவிட்டது. மன்னிக்கவும். தூக்கம்.

பிப்ரவரி 11

முதல் குறிப்பில் "துகள் சிறுக்கச் சிறுக்க உருகுநிலை இறங்கும்" என்று நேர்கோடு போட்டதைத் திருத்த வேண்டும். சில நானோமீட்டர் வரைக்கும் அது பரவாயில்லை. சில நூறு அணுக்களுக்குக் கீழே போனால் கோடு பல்லிளிக்கும்.

ஹாபர்லாண்டு குழு 1997இல் 139 அணு சோடியக் கொத்தின் உருகுநிலையை அளந்தது: 267 கெல்வின், திணிவைவிட நூறு டிகிரிக்கு மேல் கீழே. இதுவரை சரி. அடுத்த வருடம் 70இலிருந்து 200 அணு வரை அளந்தபோது உருகுநிலை மேலும் கீழும் குதித்தது. ஓர் அணு கூடினாலோ குறைந்தாலோ விடை மாறுகிற உலகம் அது. பரப்பு, ஆரம் என்று வழவழப்பான கணக்குக்கு அங்கே வேலை இல்லை.

அதைவிட மோசம் காலியம். கையில் வைத்தால் உருகும், 29.8 டிகிரி. ஜாரால்டு குழு 2003இல் சில பத்து அணுக்கள் கொண்ட காலியக் கொத்துகள் அந்த வெப்பநிலையைத் தாண்டி வெகு மேலேயும் திடமாகவே இருப்பதைக் காட்டியது. கேட்டவரே, உங்களுக்குத்தான் இது: அதற்கு முன்பே, 2000இல், 10 முதல் 30 அணு வரையான வெள்ளீயக் கொத்துகள் திணிவு உருகுநிலைக்கு 50 டிகிரி மேலேயும் திடமாக இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். ஏன் என்றால் அந்தக் கொத்து வெள்ளீயப் படிகத்திலிருந்து வெட்டிய துண்டு இல்லை. அணுக்கள் வேறு வடிவத்தில், வேறு பிணைப்பில் கட்டிக்கொண்டிருக்கின்றன. திணிவில் இல்லாத ஒரு திடம். அதன் உருகுநிலையைத் திணிவோடு ஒப்பிடுவதே வேறொருவர் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து நம் பிள்ளையைத் திட்டுவது மாதிரி.

உங்கள் 12 நானோமீட்டர் துகளில் பல்லாயிரம் அணுக்கள், அதனால் நீங்கள் இன்னும் நேர்கோட்டுப் பக்கம்தான். பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 12

வெப்ப ஏற்புத்திறன் எதிர்மறையாக முடியுமா என்று ஒரு கிளைக் கேள்வி. முடியும். 147 அணு சோடியத்தில் 2001இல் அளந்தார்கள்.

சுருக்கமாக: கொத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து தனிமைப்படுத்தி, வெப்பநிலையை நிறுத்தாமல் ஆற்றலை நிறுத்துங்கள். கொஞ்சம் ஆற்றல் ஊட்டினால் கொத்து உருகத் துணிகிறது. உருகப் பிணைப்புகளை விடவேண்டும், அதற்கான செலவு ஊட்டிய ஆற்றலைவிட அதிகம். மிச்சத்தை அணுக்களின் இயக்கத்திலிருந்து எடுக்கிறது. இயக்கம் குறைந்தால் வெப்பநிலை குறைகிறது. ஆற்றல் கொடுத்தோம், குளிர்ந்தது. ஈர்ப்பால் கட்டுண்ட விண்மீன் கூட்டங்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் எதிர்க்கோடி.

எனக்கு இதில் பிடித்தது வேறு. என்னுடைய இரண்டு மாடி வீடு மாறா வெப்பநிலையில் வந்தது. அதே கொத்தை மாறா ஆற்றலில் ஓடவிட்டால் வெப்பநிலைக் கோடு பின்னோக்கி வளையும். பெரிய பொருளில் எதை நிறுத்தினாலும் ஒரே விடை. சிறிய பொருளில் எதை நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது. டெரல் ஹில் 1962இல் தொடங்கி இந்தக் கணக்கு முழுவதையும் ஒழுங்காக எழுதிவைத்தார். அவர் உபாயம் எளிது: ஒரு சிறிய துகளை வைத்துக்கொண்டு தவிக்காதே, அதே போன்ற ஏராளமான பிரதிகளை நினைத்துக்கொள், அந்தக் கூட்டம் பெரியது, பழைய விதிகள் அதற்குப் பொருந்தும். பிரதிகளின் எண்ணிக்கை ஒரு புதிய மாறி, அதற்கு ஜோடியாகக் கணக்கில் ஒரு புதிய உறுப்பு. பெரிய பொருளில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். அவர் தொடங்கிய காலத்தில் நானோ தொழில்நுட்பம் என்கிற சொல்லே புழக்கத்தில் இல்லை. அவர் மனத்தில் இருந்தவை பெருமூலக்கூறுகளும் கூழ்மங்களும்.

பிப்ரவரி 15

உருகுதலை விட்டுத் திடத்துக்கும் திடத்துக்கும் நடுவே வாருங்கள், இன்னும் வேடிக்கை.

டைட்டானியம் டைஆக்சைடில் திணிவில் நிலையானது ரூட்டைல் என்கிற படிக வடிவம். ஆனால் மிகச் சிறிய துகள்களாகத் தயாரித்தால் பெரும்பாலும் அனட்டேஸ் என்கிற இன்னொரு வடிவம் வருகிறது. பல வருடம் "அவசரமாகத் தயாரித்ததால் தவறான படிகம் மாட்டிக்கொண்டது" என்றுதான் நானும் சொல்லிவந்தேன். 1998இல் ஜாங், பான்ஃபீல்டு இருவரும் போட்ட கணக்கில் சுமார் 14 நானோமீட்டருக்குக் கீழே அனட்டேஸ்தான் உண்மையிலேயே நிலையானது. ஒரு மோல், அதாவது 80 கிராம் பொருளை 14 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் பரப்பு சுமார் 8500 சதுர மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தைவிடப் பெரிது. இரண்டு படிகங்களின் பரப்பு ஆற்றலில் சதுர மீட்டருக்கு அரை ஜூல் வித்தியாசம் இருந்தாலே மோலுக்கு நாலு கிலோஜூல். ரூட்டைலுக்கும் அனட்டேஸுக்கும் திணிவில் இருக்கும் வித்தியாசமும் மோலுக்குச் சில கிலோஜூல்தான். தராசு சாய அது போதும். சிர்கோனியாவிலும் (சிர்கோனியம் ஆக்சைடு) அப்படியே: திணிவில் 1170 டிகிரிக்கு மேலேதான் நிலைக்கும் நாற்கோணப் படிகம், சில பத்து நானோமீட்டருக்குக் கீழே அறை வெப்பநிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 16

நேற்றைய 14ஐ யாரும் மனப்பாடம் செய்யவேண்டாம். அது உலர்ந்த, சுத்தமான பரப்புக்கான கணக்கு. நிஜத்தில் துகளின் மேல் நீர் ஒட்டியிருக்கும், அமிலத்தில் இருந்தால் வேறு ஏதாவது ஒட்டியிருக்கும். ஒட்டியது பரப்பு ஆற்றலைக் குறைக்கும், இரண்டு படிகத்துக்கும் ஒரே அளவில் குறைக்காது. எல்லை நகர்ந்துவிடும்.

2003இல் இதே பான்ஃபீல்டு குழு 3 நானோமீட்டர் துத்தநாக சல்பைடு துகள்களை மெத்தனாலில் வைத்து, அதில் நீர் சேர்த்தது. அறை வெப்பநிலையிலேயே துகளின் உள்ளமைப்பு மாறிவிட்டது, ஒழுங்கு கூடியது. சூடாக்கவில்லை, அழுத்தவில்லை, நனைத்தார்கள். அப்படியானால் நிலைமை வரைபடத்தில் வெப்பநிலை, அழுத்தம், அளவு என்று மூன்று அச்சு போட்டாலும் போதாது, "எதில் மிதக்கிறது" என்றும் ஓர் அச்சு வேண்டும்.

பிப்ரவரி 19

உலோகக்கலவைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டவருக்கு: பொருந்தும், இன்னும் சிக்கலாக.

திணிவில், கலப்பு விகிதத்துக்கு எதிராக இரண்டு நிலைமைகளின் கட்டிலா ஆற்றலை வரைந்து, அந்த இரண்டு வளைவுக்கும் பொதுத் தொடுகோடு போட்டு, தொடும் இரண்டு புள்ளிகளைச் சமநிலைக் கலப்புகள் என்போம். நெம்புகோல் விதியால் பங்கு பிரிப்போம். ஒரு நானோ துகளுக்குள் அது நடக்க, எல்லைப் பரப்புக்கு இடமும் செலவும் வேண்டும். அதோடு புதிய நிலைமையின் ஒரு வித்து தோன்றினாலே தாய்ப் பகுதியில் இருக்கும் கரைபொருள் கணிசமாகத் தீர்ந்துவிடும். அதனால் பிரியவேண்டிய கலப்பு பிரியாமல் ஒற்றை நிலைமையாகவே கிடக்கும், பிரிவு வெளி (இரண்டாகப் பிரியும் கலப்புகளின் வீச்சு) சுருங்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் இது தினம் நடக்கிறது. அதன் மின்னழுத்தம் 3.4 வோல்ட் பக்கத்தில் தட்டையாக இருப்பதைப் பார்த்து, ஒவ்வொரு துகளுக்குள்ளும் லித்தியம் நிறைந்த பகுதியும் காலியான பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக நினைத்தார்கள். துகள்கள் போதிய அளவு சிறியதாக இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு துகளும் முழுசாக நிறைவது அல்லது முழுசாகக் காலியாவது, ஒன்றன்பின் ஒன்றாக. மின்னேற்றும்போதும் இறக்கும்போதும் மின்னழுத்தத்தில் ஒரு சின்ன இடைவெளி, எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் மறையாத ஒன்று, அதனால்தான் என்று 2010இல் விளக்கினார்கள். என்னுடைய இரண்டு மாடி வீட்டை வரிசையாக ஒரு தெரு முழுக்கக் கட்டினால் கிடைப்பது இது.

தங்கம்-ஜெர்மானியம் இன்னொன்று. யூடெக்டிக் (கலவை திரவமாக இருக்கக்கூடிய மிகத் தாழ்ந்த வெப்பநிலை) 361 டிகிரி. தங்கத் துளி முனையில் இருக்க ஜெர்மானிய நானோ கம்பி வளர்வதை 2007இல் நுண்ணோக்கிக்குள்ளேயே பார்த்தார்கள். யூடெக்டிக்குக் கீழே, ஒரே வெப்பநிலையில், சில கம்பிகளின் முனை திரவம், சிலவற்றின் முனை திடம். எந்த வழியாக அந்த வெப்பநிலைக்கு வந்தது என்பதைப் பொறுத்து.

பிப்ரவரி 20

சரி, கேட்டவரை மறந்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வரைபடத்துக்கு வருவோம்.

சூடாக்கும்போது வந்த தொப்பையில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, எல்லாத் துகளும் 12 இல்லை. 8ம் இருக்கும் 18ம் இருக்கும், ஒவ்வொன்றும் தன் இடத்தில் உருகும். இதுதான் பெரிய பங்கு. இரண்டு, துகள் உள்ளே உருகுமுன் வெளியே ஒரு திரவத் தோல் உண்டாகிறது. 1996இல் வெள்ளீயத் துகள்களை நானோ கலோரிமீட்டரில் அளந்தவர்களின் கணக்கில் அந்தத் தோலின் தடிமன் இரண்டு நானோமீட்டருக்கு அருகே. உருகுநிலையோடு உள்ளுறை வெப்பமும் குறைவதை அதே அளவீட்டில்தான் பார்த்தார்கள். ஆகவே உங்கள் தொப்பையின் பரப்பளவை வைத்து "இத்தனை சதவீதம்தான் உருகியது" என்று முடிவுகட்டாதீர்கள். மூன்று, நான் ஏழாம் தேதி அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு எழுதிய கோட்டுத் தடிப்பு. உங்கள் அளவில் அது ஒரு டிகிரியில் சின்னப் பின்னம். கண்டுகொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்தது என்பதற்காக உங்கள் தரவில் அதைத் திணிக்கமுடியாது.

குளிர்விக்கும்போது 120 வரை ஒன்றும் நடக்காதது சமநிலையே இல்லை, வித்து உருவாகக் காத்திருப்பது. நூற்றுக்கும் மேல் டிகிரி மிகைக்குளிர்வு வெள்ளீயத் துளிகளுக்கு வழக்கம்; டர்ன்புல் 1950 வாக்கிலேயே உலோகத் துளிகளில் பார்த்தார். அந்த எண்ணை உருகுநிலை என்று எழுதவேண்டாம்.

எழுதும்போது தொடக்கம், முகடு, துகள் அளவுப் பரவல், சூடாக்கிய வேகம் நான்கையும் எழுதுங்கள். அதோடு அதே மாதிரியை இரண்டாம் சுற்று ஓட்டிப் பாருங்கள்.

பிப்ரவரி 23

இரண்டாம் சுற்றில் 231இல் கூர்மையான முகடு வந்துவிட்டதாம். "என் துகள்கள் சரியாகிவிட்டன" என்று எழுதியிருக்கிறார்.

சரியாகவில்லை, போய்விட்டன. முதல் சுற்றில் உருகியபோது பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருண்டைகளாகிவிட்டன. இப்போது நீங்கள் அளப்பது சாதாரண வெள்ளீயம். நுண்ணோக்கியில் பாருங்கள். நானும் ஒரு முறை இதே கூர்மையான முகட்டைப் பார்த்து, தரம் உயர்ந்துவிட்டது என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் ஒருவர் நுண்ணோக்கிப் படத்தோடு வந்தார்.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று வாரமாக "இந்தத் துகளின் சமநிலை நிலைமை எது" என்று பேசிக்கொண்டிருக்கிறேன். துகள்களின் குவியலுக்கு உண்மையான சமநிலை ஒன்றே ஒன்றுதான்: எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாவது. பரப்பு குறையக் குறையக் கட்டிலா ஆற்றல் குறையும், வேறு பேச்சே இல்லை. சிறியது கரைந்து பெரியது வளரும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளியின் ஆவியழுத்தம் தட்டையான நீரைவிடப் பத்துச் சதவீதம் அதிகம், அதுவே போதும் சிறியதைக் காலி செய்ய. கேட்டவரின் கருவி இரண்டாம் சுற்றில் அந்தச் சமநிலையைக் காட்டிவிட்டது. முதல் சுற்றின் தொப்பைதான் தற்காலிகம்.

அப்படியானால் என் முதல் குறிப்பில் போட்ட இரண்டு கோடுகளும் ஒரு நிபந்தனையின் கீழ் வரைந்தவை: துகளின் அளவு மாறக்கூடாது. அளவை யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று நான் எழுதவே இல்லை. ஒட்டியிருக்கும் மூலக்கூறுத் தோல், ஆக்சைடு ஓடு, தாங்கி, இல்லாவிட்டால் வெறும் நேரமின்மை. 12 நானோமீட்டர் வெள்ளீயத்தின் உருகுநிலை என்றால், அந்தப் பிடி கழலுமுன் அளந்த எண். கூட வேலை செய்பவர் இதைத்தான் சொல்லவந்தார் என்றால் அவரிடம் பாதி மன்னிப்புக் கேட்கிறேன்.

பிப்ரவரி 27

துகள்களுக்குச் சிலிக்கா ஓடு போட்டு மறுபடி அளக்கப் போகிறாராம். சேராமல் இருக்கும், நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை: இப்போது வெளிப்பரப்பு காற்றோடு இல்லை, சிலிக்காவோடு. கணக்கில் போடவேண்டிய பரப்பு ஆற்றல்கள் இரண்டுமே மாறும். உருகும்போது வெள்ளீயம் விரியும், ஓடு விடாது, அந்த அழுத்தம் உருகுநிலையை மேலே தள்ளும். 1986இல் தங்கம் பூசிய வெள்ளித் துகள்கள் வெள்ளியின் சாதாரண உருகுநிலையைத் தாண்டி இருபது டிகிரிக்கு மேல் உருகாமல் இருந்தன.

232க்கு மேலே முகடு வந்தால் கருவியை அளவுதிருத்தம் செய்யப் போகுமுன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். விட்டமா ஆரமா என்பதையும் சேர்த்து.